பலம் தரும் மாத்திரை

மாத்திரை கொடுக்கும் முன் நாடி பார்ப்பதற்காகக் கணவனின் மணிக்கட்டைப் பிடித்த தெய்வமணியின் விரல்களை உள்ளிருந்து ஏதோ தள்ளியது. வேலனின் நாடியை இத்தனை காலமும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இருதயத் தசை தளர்ந்துவிட்டது, இந்த மாத்திரை அதை இறுக்கி அடிக்க வைக்கும், நாடி மெதுவாகிப்போனாலோ பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தாலோ மட்டும் கொடுக்க வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

மெதுவாகத்தான் அடித்தது. ஆனால் இவ்வளவு பலமாக அடிப்பதைப் பயப்பட வேண்டியதென்று அவள் நினைக்கவில்லை. கொடுத்தாள்.

மத்தியானம் அவன் சோற்றைத் தள்ளி வைத்தான்.

"எல்லாம் மஞ்சளா இரிக்கி, மணி. உன்ட முகமும்."

"படுங்க. தம்பிய ஓட்டோ கொண்டு வரச் சொல்றன். ஆசுபத்திரிக்குப் போவம்."

தம்பி ரதீசுக்குப் போன் எடுத்துவிட்டு, மறுபடியும் மணிக்கட்டைப் பிடித்தபடி கட்டிலருகே உட்கார்ந்தாள். வாவிப் பக்கமிருந்து சேறும் அழுகிய இறாலும் மணக்கும் வெக்கைக் காற்று வேலியில் காய்ந்த வலைகளை அசைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அந்தச் சரசரப்புக்கு அடியில், கட்டில் சட்டத்தின் வழியாக, அவனுடைய நெஞ்சு அடிப்பது அவளுடைய முழங்கால்வரை வந்து சேர்ந்தது. நல்லாத்தான் அடிக்குது என்று ஆறுதலாக நிமிர்ந்தாள்.

அவனுடைய திறந்த கண்ணில் ஈ இருந்தது.

இமை அசையவில்லை. மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சில்லை. கை குளிர்ந்திருந்தது. நாடி மட்டும் அடித்தது.

ரதீஸ் வந்து, குனிந்து பார்த்து, கண்களை மூடிவிட்டான்.

"அத்தான் போயிட்டார் அக்கா."

"அடிக்குது தம்பி."

"அது உன்ட கை நடுங்கிறது."

அவளுடைய கை நடுங்கவில்லை. அழுகையும் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

குளிப்பாட்டிக் கிடத்தியதும் அவன் நெஞ்சில் உள்ளங்கையை அழுத்தி உட்கார்ந்தவள், விடிந்த பிறகும் எடுக்கவில்லை. பிரிய மனமில்லை என்று பெண்கள் அழுதார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கட்டிய தாடை. பஞ்சடைத்த மூக்கு. கைக்குக் கீழே ஒவ்வொரு அடியும் முந்தியதைவிட இறுக்கமாக.

பாடை வந்தது. பறை நின்றது.

"கைய எடு அக்கா. தூக்கப் போறம்."

எடுத்தாள்.

வெள்ளைத் துணி, நெஞ்சின் இடப்பக்கம், எழும்பியது. தாழ்ந்தது.

தூக்க வந்தவர்கள் நீட்டிய கைகளோடு குனிந்தபடியே நின்றார்கள்.

மீண்டும் எழும்பியது. மாலை துள்ளிச் சரிந்தது.