கதவுக்கு வெளியே சப்பாத்து

மெழுகு டப்பாவும் துணியுமாக அகஸ்ரின் அறையை விட்டு வெளியே வந்தபோது, கதவடியில் கழற்றிவிட்டிருந்த அவனுடைய சப்பாத்துகள் மினுங்கிக்கொண்டிருந்தன.

அன்று காலை மந்தரின் தோடம்பழ மரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிய சப்பாத்துகள். நுனித்தோல் உரிந்து, ஓரமெல்லாம் சேறு காய்ந்து, ஒன்று கிழக்கையும் ஒன்று மேற்கையும் பார்த்தபடி உதறிவிட்டுத்தான் உள்ளே போயிருந்தான். இப்போது இரண்டும் ஒட்டி நின்றன, நுனிகள் கதவைப் பார்த்தபடி. யாரோ கறுப்பு மை பூசித் தேய்த்து, நூலைக்கூடக் கழுவிக் கட்டியிருந்தார்கள். குனிந்தால் முகம் தெரிந்தது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அவன் வேலை செய்கிற வீட்டுக்காரி சிஞ்ஞோரா எர்சீலியா இங்கிலாந்தில் இருந்தார். தோட்டக்காரர்கள் மதியத்தோடு போய்விட்டார்கள்; ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வருகிற சுடுகாற்று அடிக்கும் நாளில், பாலெர்மோ நகரோரத்துச் சியாகுல்லியில் நாய்கூடத் தெருவில் நிற்காது. யன்னல் பலகைகளையெல்லாம் இறுக்கிச் சாத்தியதில் வீடு பட்டப்பகலிலேயே இருண்டு கிடந்தது. காற்று அந்தப் பலகைகளை விடாமல் உலுப்பிக்கொண்டிருந்தது. இடுக்குகளால் புழுதி மணமும் வாடிய மந்தரின் இலைகளின் மணமும் வந்தன. அவற்றுக்கும் அடியில், எங்கிருந்து என்று தெரியாமல், நனைந்த கம்பளியின் மணம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே பகிடி பண்ணிக்கொண்டு சப்பாத்துக்குள் காலை விட்டான். உள்ளே சூடாக இருந்தது. அடுப்பங்கரையில் வைத்து எடுத்தது போன்ற சூடு.

பயப்பட அவனுக்கு அன்று நேரமில்லை. மனைவி அற்புதமலரும் மகள் அனிற்றாவும் வருகிற நாள். ஏழு மணிக்கு விமானம் இறங்கும். ஐந்து மணிக்கே கூட்டாளி விமலராஜ் காரோடு வந்துவிடுவான். அனிற்றா வயிற்றில் இருக்கும்போதே, தொண்ணூறில், மன்னாரை விட்டு வெளிக்கிட்டவன் அகஸ்ரின். மகளை ஒரு நாள்கூடத் தூக்கியதில்லை. சில மாதங்களுக்கு முன் அற்புதமலர் பிள்ளையின் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து அனுப்பியிருந்தாள். அந்தத் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பலாரோ சந்தை முழுக்க அலைந்து, சிவப்புச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினான். வாரில் ஒரு வெள்ளைப் பூ. கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். "அதைப் போட்டுக்கொண்டுதான் பிளேனாலை இறங்குவன் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறாள்" என்று அற்புதமலர் தொலைபேசியில் சொன்னாள். அன்றிரவு அவன் சந்தோசத்தில் அழுதான்.

அந்த அறையை மெழுகுவதுதான் லீவுக்கு முன் கடைசி வேலை.

சிஞ்ஞோராவுக்கு இங்கிலாந்துப் பைத்தியம். கணவர் இறந்த பிறகு ஒவ்வொரு கோடைக்கும் அங்கே போய்விடுவார். இடிந்த கோட்டை, ஆற்றங்கரைப் பட்டினம், ஆடு மேயும் மலை, கூரை வளைந்த பழைய சத்திரம் என்று ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. வரும்போது படம் போட்ட தட்டுகளும் தலையணை உறைகளும் பெட்டி நிறைய வரும். போன வருடம் ஒரு அறையே வந்தது. இடிக்கப்போகிற ஒரு வழிச்சத்திரத்தில் கடைசியாகத் தங்கியவர் அவர்தானாம். மனம் கேட்காமல், தான் படுத்த அறையை, சுவர்ப்பலகை, நிலப்பலகை, யன்னல், கதவு, கட்டில் சகிதம் விலைக்கு வாங்கிவிட்டார். முன்பு மந்தரின் பெட்டிகள் அடுக்கிய மண்டபத்துக்குள் பக்கத்து ஊரான பிரான்காச்சோத் தச்சர்கள் அதைப் பொருத்தி நிறுத்தினார்கள். வீட்டுக்குள் இன்னொரு வீடு. அதன் யன்னலைத் திறந்தால் ஒரு சாண் தள்ளி மண்டபத்துச் சுவர்தான். அது வடிவில்லை என்று சிஞ்ஞோரா வலைத்திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்.

"நாங்கள் அகதி முகாமை விட்டு எப்ப வெளிக்கிடுவம் எண்டு கிடந்தம். இவ சத்திரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வாறா" என்று அப்போது விமலராஜ் சிரித்தான்.

தொலைபேசி அடித்தது. சிஞ்ஞோராதான்.

"அகொஸ்தீனோ! அறை முடிந்ததா?"

"முடிஞ்சுது, சிஞ்ஞோரா. நிலம் கண்ணாடி மாதிரி."

"இங்கே மழை, குளிர், சொர்க்கம்! மலையடியில் ஒரு சத்திரம். இரவு சப்பாத்தைக் கதவுக்கு வெளியே வைத்தேன், காலையில் மினுக்கி வைத்திருக்கிறார்கள். இன்னும் அந்தப் பழைய வழக்கத்தை விடவில்லை, பாரேன்!"

அகஸ்ரின் குனிந்து தன் காலைப் பார்த்தான். "சப்பாத்தையோ?"

"அந்தக் காலத்தில் எல்லாச் சத்திரத்திலும் அப்படித்தான். வெளியே சப்பாத்து இருந்தால் உள்ளே ஆள் தங்குகிறார் என்று கணக்கு. நம்முடைய அறை இருந்த இடம் இன்னும் மோசமாம், அங்கிருந்த கிழவி சொன்னாள். சப்பாத்தை எடுத்துக்கொண்டு போனால் விடியும்வரை திருப்பித் தர மாட்டார்களாம். வந்த ஆள் இடையில் நழுவிவிடக் கூடாதே!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, உன் மகளுக்கு என் முத்தம்."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். ஆனால் எதைச் சொல்வது? அவருடைய கையெழுத்தில்தான் அவனுடைய பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி, நின்றது. அந்தப் பெர்மெஸ்ஸோவில்தான் இரண்டு பேரும் வருகிறார்கள். வீட்டில் பேய் சப்பாத்து மினுக்குகிறது என்று சொல்கிற வேலைக்காரனை யார் வைத்திருப்பார்கள்? நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

வைத்த கையில் மோதிரம் இல்லை.

கலியாண மோதிரம். மெழுகு பிடித்துவிடும் என்று கழற்றி அறையின் யன்னல் கட்டையில் வைத்தது. அது இல்லாமல் எந்த முகத்தோடு அற்புதமலரின் முன்னால் போய் நிற்பது?

இந்த முறை சப்பாத்தோடுதான் உள்ளே போவது என்று உறுதியாக நினைத்துக்கொண்டு நடந்தான். கதவடியில் நின்று நிலத்தைப் பார்த்தான். முழங்காலில் நின்று தேய்த்தெடுத்த நிலம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். மனம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒரு குதிக்கால் மற்றக் குதிக்காலை மிதித்துச் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. கோயில், வீடு, மெழுகிய நிலம். அந்தக் கால்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஒரு நிமிட வேலைதானே என்று உள்ளே போனான்.

மோதிரம் யன்னல் கட்டையில்தான் இருந்தது, ஒரு சின்னத் தண்ணீர்த் தேக்கத்துக்குள். எடுத்தான். விரல் விறைத்தது. வலைத்திரையின் கரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால், புல்லின் மேலும் ஓட்டின் மேலும் சீராக, அவசரமில்லாமல், நெடுநேரமாகப் பெய்துகொண்டிருக்கிற மழையின் சத்தம் கேட்டது. அப்போதுதான் சுடுகாற்றின் சத்தம் நின்றுபோயிருந்ததைக் கவனித்தான்.

பின்னால் கதவு சாத்தியது. அடித்துச் சாத்தவில்லை. நோயாளி படுத்திருக்கிற அறையைச் சாத்துவது போல, மெதுவாக.

வெளியே காலடிகள் கேட்டன. பாரமான, ஆறுதலாக எடுத்து வைக்கிற காலடிகள். கூடை ஒன்று கிரீச்சிட்டது. கதவடியில் நின்றன. குனிகிற ஆளின் மூச்சு. சப்பாத்துகள் நிலத்தை விட்டு எழும் சின்னச் சத்தம். பிறகு காலடிகள் போய்விட்டன.

பாய்ந்து கைப்பிடியைத் திருகினான். அது சுவரில் கீறிய படம் போல அசையாமல் நின்றது. தோளால் இடித்தான். உதைத்தான். வெறுங்கால் நொந்ததுதான் மிச்சம்.

யன்னலுக்கு ஓடித் திரையை விலக்கித் திறந்தான். ஒரு சாண் தள்ளி இருக்கவேண்டிய சுவரைக் காணவில்லை. கன்னங்கரிய இருட்டு. சுவரைத் தடவக் கையை நீட்டினான். முழங்கை வரை போனது. தோள் வரை போனது. மணிக்கட்டில் மழை விழுந்தது.

கையை இழுத்துக்கொண்டான். யன்னலைச் சாத்தினான். பாலெர்மோவில் மாலை ஐந்து மணிகூட ஆகவில்லை. யன்னலுக்கு வெளியே இரவு.

கட்டிலைப் பார்த்தான். அவன் இறுக்கி மடித்த விரிப்பின் ஒரு மூலை, படுக்க வரும் ஆளுக்காக மடித்துவிடப்பட்டிருந்தது.

படலையில் ஹோர்ன் அடித்தது.

"விமல்! இஞ்சை! விமல்!"

குரல் பஞ்சுக்குள் போனது போல அடங்கியது. குசினிப் பக்கக் கதவு திறந்தது. விமலராஜின் செருப்புச் சத்தம் நடை முழுக்க வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முழத்தில் நின்றது.

"அகஸ்ரின் அண்ணை! வெளிக்கிட்டாச்சோ?"

அகஸ்ரின் இரண்டு கையாலும் கதவில் அறைந்தான். அந்தப் பக்கம் செருப்பு இரண்டடி அங்கும் இங்கும் நகர்ந்தது. ஏதோ தேடுபவன் போல.

"சப்பாத்தையும் காணேல்லை. மனிசன் அவதிப்பட்டு பஸ்ஸிலை போயிட்டுது போலை" என்று தனக்குள்ளேயே சொன்னான்.

செருப்புச் சத்தம் தூரப் போனது. கார் போய்விட்டது.

அகஸ்ரின் நிலத்தில் இருந்தான். மடு மாதாவே, மடு மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. விமானம் இறங்கியிருக்கும். பிள்ளை ஒவ்வொரு ஆம்பிளையின் முகத்தையும் பார்த்துப் பார்த்து அப்பாவைத் தேடியிருக்கும். அதை நினைக்க, பயத்தைவிட அந்த வேதனைதான் நெஞ்சைப் பிடித்தது.

விடிந்தால் விட்டுவிடுவார்கள். சிஞ்ஞோரா அப்படித்தானே சொன்னார்? விடியட்டும்.

யன்னலைப் பார்த்தான். சத்திரம் இடிந்து ஒரு வருடம். கழற்றிக் கப்பலேற்றிய அறை. இந்த யன்னலுக்குக் கிழக்கு எந்தப் பக்கம்?

மழை பெய்தது.

காலடிகள் திரும்பி வந்தன. கூடை கிரீச்சிட்டது. எதையோ கதவடியில் வைக்கிற சத்தம். போகவில்லை. சற்றுத் தள்ளி, சுவரோரமாக, அந்தக் காலடிகள் நின்றுவிட்டன.

அகஸ்ரின் கன்னத்தை நிலத்தில் வைத்துக் கதவின் கீழ் இடுக்கால் பார்த்தான். அவனுடைய சப்பாத்துகள். மினுங்கின. திருப்பித் தந்துவிட்டார்கள்! கைப்பிடியைத் திருகினான்.

அசையவில்லை.

அப்போது கார் வந்தது. கதவுகள் அடிபட்டன. ஒரு பெண்குரல். ஆறு வருடமாகத் தொலைபேசியில் மட்டும் கேட்ட குரல். அதோடு, பூனைக்குட்டி போல ஒரு சின்னக் குரல்.

"அப்பா எங்கை?"

"எயார்போட்டிலையும் காணேல்லை, திரும்பி வந்திருப்பார். உள்ளை போய்ப் பாருங்கோ அக்கா, நான் பெட்டியை இறக்கிறன்" என்றான் விமலராஜ், தூரத்தில்.

நடையில் விளக்கு எரிந்தது. இடுக்கால் மஞ்சள் வெளிச்சம் வந்து அகஸ்ரினின் கண்ணில் பட்டது.

"இஞ்சை பார், அப்பான்ரை சப்பாத்து. ஆள் உள்ளுக்கைதான்" என்றாள் அற்புதமலர். அவள் சிரித்தாள். "குறட்டையைக் கேள்! வேலை செய்து களைச்சு அப்பிடியே படுத்திட்டார், பாவம்."

அவன் குறட்டை விடவில்லை.

கேட்டது. அவனுக்குப் பின்னால். கட்டிலில். நீண்டு இழுத்து, நடுவில் நின்று, திரும்ப எடுக்கிற குறட்டை. அவனுடையது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"மலர்! வராதை! பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடு!"

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கட்டிலில் குறட்டை பெருத்தது. திரும்பக் கத்தினான். இன்னும் பெருத்தது.

"அம்மா, நான் போய் எழுப்பட்டே?"

"ஓம், எழுப்பு. பொறு, பொறு. சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் போ. நிலத்தைப் பார், அப்பா எப்பிடி மினுக்கி வைச்சிருக்கிறார்."

இடுக்கில் சிவப்பு. வாரில் வெள்ளைப் பூ. சின்ன விரல்கள் கொளுக்கியோடு மல்லுக்கட்டின. கழற்றாதை என்று அவன் உதடுகள் நிலத்தில் உரசின. கழற்றாதை, என்ரை குஞ்சு. ஒரு பாதம் வெளியே வந்தது. மற்றது. பென்சில் கோட்டில் அவன் தடவித் தடவிப் பார்த்த பாதங்கள். சிவப்புச் சப்பாத்துகளை அவனுடையவற்றுக்குப் பக்கத்தில் பிள்ளை ஒழுங்காக வைத்தாள். அதற்குப் பக்கத்தில் அற்புதமலரின் செருப்புகளும் வந்து நின்றன.

சுவரோரமிருந்து ஒரு கை வந்தது. நனைந்த கம்பளிக் கை. நகமெல்லாம் கறுப்பு மை. துணி சுற்றிய விரல்களால், முதலில், சிவப்புச் சப்பாத்துகளைத் தூக்கியது.

மேலே கைப்பிடி, ஒரு சின்னக் கைக்கு, சத்தமில்லாமல் திரும்பியது.