கயிற்றின் மறுமுனை

சோழகக் காற்று எல்லாவற்றையும் வடக்கே தள்ளிக்கொண்டிருக்க, தூரத்துக் கடலில் ஒரு துடுப்பில் கட்டித் தூக்கியிருந்த துணி மட்டும் தெற்கே பார்த்துப் பறந்தது. அருளம்பலத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் படகைத் திருப்பினான். விடிய மீன்பிடித் தொழிலுக்குப் போன மனைவியின் தம்பி நிருஷன் பொழுதுபட்டும் வரவில்லை. பழைய எஞ்சினை நம்பாதே என்று நேற்றும் திட்டியிருந்தான், கேட்டால்தானே. தொண்டைமானாற்றுக் கரையில் மனைவி நாகேஸ்வரி அழுதபடி நிற்கிறாள். தம்பி இல்லாமல் போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

துடுப்பில் துணி கட்டித் தூக்கினால் ஆபத்து என்று அர்த்தம். தூக்கியவனை ஆரென்று கேட்காமல் முதலில் கயிறு எறிய வேண்டும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அங்கே அதுதான் வழக்கம்.

கிட்டப் போகப் போக மண்ணெண்ணெய் மணமும் கருகிய இறப்பர் மணமும் கலந்து மூக்கில் ஏறின; படகின் அடியில் யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. சண்டைக்காலத்தில் விமானம் விழுந்த இடம் இது. குதித்த விமானி உயிரோடு மிதந்தானாம். மீட்க ஹெலி வந்தது, விழுந்தது. கடற்படைப் படகு வந்தது, அதுவும் தண்ணீருக்குள் தாண்டது. கடைசியில் ஊரவர் இரண்டு பேர், ஆரென்றாலும் உயிர் உயிர்தானே என்று வள்ளம் தள்ளினார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. "நிருஷன், பிடியடா," என்று துணி தெரிந்த பக்கம் கயிற்றை எறிந்தான்.

கயிறு விறைத்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

கைபேசி அடித்தது.

"அத்தான், நான் கரைக்கு வந்திட்டன். எஞ்சின் பழுதாப்போய் பருத்தித்துறையிலை ஏறினனான். நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

அருளம்பலம் கயிற்றைப் பார்த்தான்.

"அத்தான்?"

"நீ வீட்டை போ. இஞ்சாலை வராதை."

"உங்கடை குரல் சரியில்லை. விமானம் விழுந்த பக்கமே? நில்லுங்கோ, வேறை படகு எடுத்துக்கொண்டு வாறன்."

கயிற்றை விட்டான். பிந்திவிட்டது. ஊறி வெளுத்த கை ஒன்று அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. தலைக்கவசம் ஒன்று மேலே வந்தது. அந்த விமானியின் காலை இன்னொருவன் பிடித்திருந்தான். அவன் காலை வேறொருவன். சீருடைகள். சாரம் கட்டிய இரண்டு பேர். காப்பாற்ற வந்தவர்கள் எல்லாரும். எல்லா முகமும் மேலே பார்த்தபடி.

படகு அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. இடுப்புவரை தண்ணீர். நெஞ்சு. கழுத்து.

தூரத்தில் எஞ்சின் சத்தம். நிருஷன்.

வராதை என்று கத்த வாயைத் திறந்தான். உப்புநீர் நிறைந்தது.

அவனுடைய மற்றக் கை தானாக உயர்ந்து, நிருஷனை வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தது.