மூன்றாவது கோப்பை

“வளைவு வீட்டுல எத்தனை கோப்பை குடிச்சீங்க?”

சுகாதாரச் சாவடியின் கம்பவுண்டர் சோனம் அன்று காலையில் யாங்ஜியிடம் கேட்டது இதைத்தான். வரும் வழியில் ஒரு வீட்டில் தேநீர் கொடுத்தார்கள் என்று அவள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். உடனே அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

மலையேறுகிறவர்களின் முகாமில் யாங்ஜிக்குச் சமையல் வேலை. அவள் தம்பி தெம்பா ஏழு வருஷம் கத்தாரில் இருந்துவிட்டுத் திரும்பி, முதல் தடவையாகச் சுமை தூக்க வந்திருந்தான். இரண்டாம் முகாமுக்கு ஏறும்போதே தலைவலி. ஒளித்துவிட்டான். மறுநாள் வாந்தி. அதையும் ஒளித்தான். மூன்றாம் நாள் காலையில் பூட்ஸ் கயிற்றை முடிச்சுப் போடத் தெரியாமல் அரைமணி நேரம் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

“ஷெர்பா வீட்டுப் பிள்ளைக்கு மலைநோயாம்! நுரையீரலை ஒட்டகத்துக்குக் கொடுத்துட்டு வந்துட்டான்டா” என்று சுமைக்காரர்கள் சிரித்தார்கள்.

முகாம் தலைவர் சிரிக்கவில்லை. “ராத்திரிக்கு இங்கயே வச்சிருந்தா காலையில பொணம். இப்பவே இறக்கும்மா” என்றார்.

முதல் ஒரு மணி நேரம் அவன் நடந்தான். பிறகு அவனைப் போர்வையில் சுற்றி, சுமைக்கயிற்றை நெற்றியில் மாட்டி, முதுகில் ஏற்றிக்கொண்டாள். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின் எல்லாம் இப்படித்தான் சுமந்திருக்கிறாள். அவை மூச்சு விட்டதில்லை. இவன் மூச்சு அவள் காதோரம் கஞ்சி கொதிப்பதுபோல் கொதகொதவென்று கேட்டது.

“அக்கா, உன் நடைக்கு எருமை தேவலாம்.”

“எருமை உன்னைத் தூக்காது. பேசாம வா.”

எப்போதும் மலைமுதுகு வழியாகத்தான் போவாள். சீக்கிரம் இறங்க வேண்டுமே என்று அன்று ஆற்றோரக் குறுக்கு வழியில் இறங்கினாள். பிற்பகல் மூடுபனி எழுந்து வந்தது. இரண்டு நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை. வளைவில் கல்வீடு ஒன்று தெரிந்தது. ஜன்னலில் விளக்கு.

கதவைத் தட்டக் கை தூக்கும் முன்பே கதவு திறந்தது.

“வாம்மா. பையனை அடுப்போரம் சாய்ச்சு வை” என்றாள் கோடுபோட்ட முன்துணி கட்டிய ஒருத்தி. வெள்ளி விளிம்பு வைத்த மரக்கோப்பைகளில் வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீரை ஊற்றினாள். “ஷே, ஷே. குடிங்க.”

யாங்ஜி குடித்தாள். தம்பியும் உதட்டை நனைத்தான். கோப்பை பாதி இறங்கியதும் அந்தப் பெண் மறுபடி நிறைத்தாள்.

“ஷே, ஷே.”

அப்போதுதான் யாங்ஜி கவனித்தாள். அடுப்பு எரிந்தது. ஆனால் சாண வறட்டியின் புகை வாசனை இல்லை. தம்பியின் தோளில் ஒட்டியிருந்த பனி உருகவே இல்லை. அவள் வாயிலிருந்தும் அவன் வாயிலிருந்தும் மூச்சு வெள்ளையாக வந்தது.

அந்தப் பெண் வாயிலிருந்து வரவில்லை.

“கிளம்பணும் அத்தை. இவனுக்கு முடியல.”

“தூங்கட்டும்மா. தூங்கினா சரியாயிடும்.”

மலையில் பிறந்த எவளும் மலைநோய்க்காரனைத் தூங்கச் சொல்லமாட்டாள்.

மூன்றாவது முறையாக இரண்டு பேர் கோப்பையும் நிறைந்தன. மூன்று முறை ஊற்றுவது வீட்டுக்காரியின் கடமை. மூன்றாவதைத் தொடாமல் எழுந்தால் அந்த வீட்டின் முகத்தில் அறைவது போல. நாற்பத்தொரு வயதில் யாங்ஜி ஒரு வீட்டிலும் அப்படி எழுந்ததில்லை.

எழுந்தாள்.

குனிந்து, அவிழ்ந்து கிடந்த தம்பியின் பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள். அவனை முதுகில் ஏற்றினாள். “மன்னிச்சுக்கங்க” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பெண் கோபப்படவில்லை. யாங்ஜியின் தோளுக்கு மேலே, தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

சாவடிக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஆக்சிஜன், ஊசி, மறுபடி ஆக்சிஜன். விடிந்தபோது அவன் மூச்சு சீராகியிருந்தது. நீலமாக இருந்த நகம் சிவந்திருந்தது. அப்போதுதான் சோனம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“ரெண்டு. மூணாவதை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்.”

சோனம் பெருமூச்சு விட்டார். “அந்த வீடு பனிச்சரிவுல போய் பதினோரு வருஷமாச்சு, தங்கச்சி. மூணாவதையும் குடிச்சவங்க அந்த வீட்டு ஆளாயிடுவாங்கன்னு சொல்வாங்க. தப்பிச்சே.”

“அக்கா.” கட்டிலிலிருந்து தெம்பா கூப்பிட்டான். “நான் குடிச்சேன்.”

“என்னடா?”

“நீ குனிஞ்சு கயிறு கட்டினியே, அப்போ. நிறைஞ்ச கோப்பையை வச்சுட்டு எழுந்தா அந்தம்மா உன்னை என்ன நினைக்கும்? ஊரெல்லாம் உனக்குத்தானே கெட்ட பேரு. அதான் என்னோடதையும் உன்னோடதையும் சேர்த்து நானே குடிச்சுட்டேன்.”

சோனம் பேய் விரட்டும் தூபத்துக்குத் தழை எடுத்துவர வெளியே ஓடினார்.

யாங்ஜி தம்பியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடக்கூடாது என்று நினைத்தாள். விடமாட்டேன் என்று வாய்விட்டும் சொன்னாள். ஆனால் அவன் எடை இன்னும் முதுகில் இருப்பதுபோல் உடம்பு கனத்தது. கண்ணை ஒரே ஒரு தடவைதான் மூடினாள்.

திறந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

தெம்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தான். இரட்டை முடிச்சு. அழகான முடிச்சு. அந்தக் குளிரில் யாங்ஜியின் மூச்சு வெள்ளையாகப் பரவியது.

அவனுடையது பரவவில்லை.

“தெம்பா. டேய், இங்க பாருடா.”

எழ முயன்றாள். கால் கேட்கவில்லை. கட்டிலருகே முக்காலியில் ஒரு கோப்பை இருந்தது. சாவடியின் கோப்பை இல்லை. மரக்கோப்பை, வெள்ளி விளிம்பு. விளிம்புவரை தேநீர் நிறைந்து, ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவன் கதவைத் திறந்தான். வளைவு வீட்டுக்கு ஏறும் மேட்டுப் பாதையில், இறக்கத்தில் நடப்பவனைப்போல் இளைக்காமல், திரும்பிப் பார்க்காமல் போனான்.