மடிப்பு வெட்டாத புத்தகம்

நேற்று மூடியிருந்த மடிப்பொன்று இன்று திறந்து கிடந்தது.

சாமித்தம்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அமெரிக்காவின் வடகிழக்கு எல்லைக் கிராமம் ஒன்றைப் பற்றி நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் அச்சான வரலாற்று நூல் அது. அக்காலத்தில் தாள்களை மடித்தபடியே தைத்து விற்பார்கள். வாங்கியவர் மடிப்பைக் கத்தியால் கீறினால்தான் உள்ளே படிக்க முடியும். கீறாத பிரதி அரிது; சேகரிப்பவர் எவரும் அதில் கத்தி வைக்கமாட்டார். அவரும் வைக்கவில்லை. இந்த மடிப்போ, மழுங்கிய, கனத்த ஏதோவொன்றால் கொத்தித் திறந்ததைப்போல விளிம்பு பிய்ந்திருந்தது.

"புள்ள, என்ட புத்தகத்தத் தொட்டியா?" என்று பேஸ்மென்டிலிருந்து குரல் கொடுத்தார்.

"நான் ஏன் தொடுறன்? வெள்ளக்காரன் செத்த கதைக்கு ஒரு அறை. என்ட அரிசி மூட்டைக்கு இடமில்ல!" மேலே அவருடைய மனைவி பரிமளம் சிரித்தாள். "வோபர்ன் பக்கத்துக் கடைக்குப் போயிட்டு வாறன். கதவுத் திறப்பு கொண்டு போகல்ல. தட்டினா உடன வந்து திறக்கணும், என்ன?"

"ஓம், ஓம்."

இருபது ஆண்டுகளாக அவர் இத்தகைய நூல்களையே தேடி வாங்கினார். எவருடைய கதவு உடைந்தது, எவர் எந்த வாசலில் விழுந்தார் என்று அவற்றில் வீடுவீடாகப் பெயர் எழுதியிருந்தார்கள். மட்டக்களப்புப் பக்கம் அவருடைய ஊர் வெட்டுண்ட மாலையை அப்படி எவரும் எழுதவில்லை. எழுதாதது அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டின் அந்த மாலையில், பக்கத்து வீட்டுப் பேபி கைக்குழந்தையோடு வந்து கதவை அடித்தபோது, அவர் தாழ்ப்பாளை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எவரும் வந்து தட்டவில்லை என்றுதான் பரிமளத்திடமும் சொல்லியிருந்தார்.

திறந்த பக்கத்தைப் படித்தார். பனி இறுகிக் கிடந்த மாலையில் கோடரிகளோடு வந்தவர்களின் காலடி ஊரில் எவருக்கும் கேட்கவில்லை என்றிருந்தது.

டொக்.

அவருடைய கண்ணெதிரே அடுத்த மடிப்பு பிளந்தது. முதல் வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. தாள்களுக்குள்ளிருந்து ஈர மரத்தின் வாடையும், கிடுகுக் கூரை எரிகின்ற வாடையும், அவற்றின் அடியிலே, முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் நினைக்க மறுத்த இன்னொரு வாடையும் எழுந்து அறையை நிறைத்தன.

டொக்.

மூன்றாம் வீட்டுக்காரன் கதவைத் தாழிட்டிருந்தான். வெளியே ஒரு பெண் நின்று கெஞ்சினாள். மீதி அடுத்த மடிப்பினுள் இருந்தது. அது திறக்கவில்லை.

அவர்கள் வந்து குடியேறிய குளிர்நாட்டு நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அன்று மாலை நாலரைக்கே வெளிச்சம் நீலமாகி வடிந்தது. பேஸ்மென்ட் சன்னல் நிலமட்டத்தில் இருந்ததால் நடப்போரின் கால்கள் மட்டுமே அதில் தெரியும். கால்கள் தெரிந்தன. வெறுங்கால்கள். பனியில் ஓசையின்றி, ஒன்றன்பின் ஒன்றாக, வாசலை நோக்கிப் போயின. அவற்றுக்கு முன்னே பரிமளத்தின் சிவப்புச் சப்பாத்துகள் ஓடின.

"இஞ்சேருங்க! கதவத் திறங்க! ஆரோ பின்னால வாறாங்க!"

அவர் படிகளில் விழுந்தெழுந்து ஓடினார். இம்முறை திறப்பேன். திறந்தே தீருவேன். தாழ்ப்பாளைப் பற்றி இழுத்தார். அசையவில்லை.

அதன்மீது ஏற்கெனவே இரு கைகள் இருந்தன.

அவருடைய தோள்களுக்கு மேலாக, பின்னாலிருந்து நீண்ட கைகள். இளங்கைகள். சேறு காயாதவை. இடது மணிக்கட்டில், அகதி முகாமில் அரிசிக்காக அவர் விற்ற கறுப்புப் பட்டி மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது.

"திறக்காத," என்றது பிடரியில் ஒரு மூச்சு. அவருடைய குரல்தான்.

"இஞ்சேருங்க! திறங்கப்பா!" வெளியே பரிமளம் அலறினாள்.

டொக். கதவு பிளந்தது. பிளவினுள் பரிமளத்தின் கை நுழைந்து அவருடைய சட்டையைப் பற்றியது. கோடரி இறங்கியது. பற்றிய கை, பற்றியபடியே, உள்ளே தொங்கியது.

அலறல் நின்றது.

கதவின் அடியால் வெதுவெதுப்பாக வழிந்து வந்து அவருடைய கால்விரல்களை நனைத்தது. வெளியே, பனியில், ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது.

அந்தக் கைகள் தாழ்ப்பாளை விடவில்லை.