ஜெபினின் 'ஐ' தொப்பி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பள்ளி வேன் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த அஸ்ஃபியா மலையையே பார்த்தாள். அங்கே மேகத்துக்குள் ஒரு காகிதம் கை மாறி, கை மாறிப் போவதுபோல் இருந்தது. காகிதத்துக்குப் பெயரே இல்லை.

இன்று அறிவியல் கண்காட்சியில் அவர்கள் நடிக்கப்போவதும் அதுதான். நூறு வருடங்களுக்கு முன் ஷோன்ஃபிங்கெல் என்ற ரஷ்யக் கணித அறிஞர், எக்ஸ், ஒய் என்ற பெயர்கள் இல்லாமல், வேலைகளை மட்டும் கோத்துக் கணிதம் எழுத வழி சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதே வழியில் கணினிக்கும் நிரல் எழுதினார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எழுத்து. அஸ்ஃபியாவின் தொப்பியில் 'எஸ்'. வாங்கியதை நகல் எடுத்து இருவரிடம் கொடுப்பாள். சதீஷுக்கும் நவநீதகிருஷ்ணனுக்கும் 'கே'. முதலில் வந்ததை வைத்துக்கொண்டு, அடுத்து வருவதைத் தள்ளிவிட வேண்டும். ஜெபின் 'ஐ'. வாங்கியதை அப்படியே கொடுப்பான். கூச்சக்கார ஜெபின் கேட்டு வாங்கிய வேலை அது.

"ஏலே ஜெபினு, நீ எதுக்கு வார?" என்றான் சதீஷ். "ஒரு எஸ்ஸும் ரெண்டு கேயும் சேந்தா ஐ வேலையைச் செஞ்சிரும்னு அந்த ரஷ்யாக்காரரே எழுதிட்டாருல்லா!"

ஜெபின் தொப்பியைக் கழற்றினான். "அப்ப நான் வேன்லயே இருந்துக்கிடுதேன். எங்கம்மா வேற பாக்க வாராவ."

அஸ்ஃபியா மலையைப் பார்த்தாள். மேகத்தில் மூன்று ஓடைகள் சேர்ந்து விழுந்தன. பக்கத்தில் ஒற்றை ஓடை. கீழே ஒரே தண்ணீர்.

"ஏலே சதீசு, நாம மூணு பேரும் செஞ்சது ஐயோட வேலைதான்னு பாக்கிறவங்க எப்படி நம்புவாங்க? பக்கத்துல ஐ நிக்க வேண்டாமா?"

சதீஷ் தொப்பியை எடுத்து ஜெபின் தலையில் மாட்டினான்.

கண்காட்சியில் ஜெபினின் அம்மா பரிபூரணம் ஒரு நாய் வரைந்து கொடுத்தார். அஸ்ஃபியா பார்த்து வரைந்த நகலில் அது ஆடாகிவிட்டது. அசலைச் சதீஷிடமும், ஆட்டை நவநீதகிருஷ்ணனிடமும் கொடுத்தாள். ஆட்டோடு வந்தவனை, "எனக்கு முதல்ல வந்ததே போதும், நீ போலே!" என்று சதீஷ் தள்ளிவிட்டான். நாய் அம்மாவிடமே திரும்பியது.

அடுத்து அதே படத்தை ஜெபின் வாங்கினான். அப்படியே கொடுத்தான்.

"அட, அதே நாய்! இவங்க மூணு பேரும் இம்புட்டு ஓடியாடிச் செஞ்சத, எம்மவன் நின்ன இடத்துலயே செஞ்சிட்டானே!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஜெபின் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

திரும்பும்போது சதீஷ் அவனிடம் ஒரு துண்டு பால்கோவாவை நீட்டினான். ஜெபின் வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்தான்.

"ஏலே, தின்னுலே!"

"அப்பம் செத்த நேரம் நான் கே," என்ற ஜெபின், அதை வாயில் போட்டுக்கொண்டான்.