கட்டர் விலகிய இடம்

அலுமினியத் தகட்டில் நேர்கோடாக ஓட வேண்டிய கட்டர், மேசையின் நடுவுக்கு வந்ததும், தெருவில் படுத்திருக்கும் நாயைச் சுற்றிக்கொண்டு போகிற சைக்கிள் மாதிரி கொஞ்சம் ஒதுங்கி, மறுபடி தன் பாதைக்கு வந்து சேர்ந்தது. ஒதுங்கியது மயிரிழை அளவுதான். கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டை விரல் நகத்தால் தடவியபோது தட்டுப்பட்டது.

"சனியனே" என்றான் அவன், மெஷினைப் பார்த்து.

ஆலையில் மெஷின் பழுது பார்ப்பவனாக இருந்தவன். மேனேஜரோடு வாய்த்தகராறு முற்றி, அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் வீசிவிட்டு வந்தவன். இனி ஒருத்தனுக்குக் கீழே நிற்பதில்லை என்று, வீட்டின் பின்பக்க ஷெட்டில், அலுமினியம் வெட்டுகிற கம்ப்யூட்டர் மெஷின் ஒன்றைத் தானே வரைந்து தானே கட்டினான். கனமான இரும்பு மேசை, அதன் இரு ஓரமும் ரெயில், ரெயில்மேல் முன்னும் பின்னும் நகரும் பாலம், பாலத்தில் தொங்கியபடி சுழலும் கட்டர். மேசை மட்டும் பழசு. மனைவியின் அண்ணன் பழைய இரும்பு வியாபாரி. எங்கோ மூடிய பட்டறையிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

மெஷின் ஓடியது, கட்டரின் சூட்டைத் தணிக்க மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட, ஷெட் முழுக்க அந்த வாடையும் சூடான உலோக வாடையும் கலந்து தொண்டையில் படிய, மோட்டார்கள் பூச்சி ரீங்கரிப்பதுபோல ஒரே சுருதியில் முனக. எல்லாம் சரி. அந்த ஒரு இடம் மட்டும் அவன் கண்ணில் விரலைவிட்டு ஆட்டியது.

ரெயிலைக் கழற்றி மாட்டினான். பாலத்தை மூலைமட்டம் வைத்து மறுபடி நிமிர்த்தினான். வயரை மாற்றினான். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் விலகல் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. மயிரிழை நூலாயிற்று, நூல் விரல் அகலமாயிற்று. மோட்டார் தடுமாறினால் தடுமாறினதுதான், கோடு அதன்பின் தானாகத் தன் இடத்துக்குத் திரும்பாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். இது திரும்பியது. எதையோ தாண்டிய பிறகு, ஒழுங்காக, மரியாதையாகத் திரும்பியது.

சக்கர நாற்காலி செய்கிறவர் போன் செய்தார். அவன் பிடித்த முதல் ஆர்டர் அவருடையது.

"சார், சக்கரத்து அச்சுத் தகடு எப்பத்தான் வரும்? நாற்காலிக்குக் காத்துட்டிருக்காங்க."

"இதோ ஆச்சு சார். சின்ன அட்ஜஸ்ட்மென்ட்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

போனை வைத்துவிட்டு ஸ்பேனரைச் சுவரில் எறிந்தான். அது எகிறி வந்து அவன் காலிலேயே விழுந்தது.

அன்று சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குத் திரும்பியபோது, பிளக் பிடுங்கிக் கிடந்த கன்ட்ரோல் பெட்டியில் பச்சை விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அதில் அதிசயம் இல்லை. கரண்ட் இல்லாமலும் பாலத்தைக் கையால் தள்ளினால் மோட்டார் சுழன்று அந்த விளக்குக்கு உயிர் கொடுக்கும். ஆனால் தள்ளுவதற்கு ஒரு கை வேண்டும். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. பாலம், அவன் நிறுத்திய கோட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது, நடு மேசையை விட்டு நன்றாக ஒதுங்கி.

முன்னறைக்குப் போனான். மனைவி சுவரைப் பார்த்துப் போட்ட மோட்டார் தையல் மெஷினில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஓட்டலுக்கு மொத்தமாகத் தைத்துக் கொடுக்கிறாள். வீடு இப்போது அதில்தான் ஓடுகிறது.

"ஷெட்டுக்குள்ள வந்து பாலத்தைத் தள்ளினியா?"

"எனக்கு வேற வேலையில்லையா?" அவள் திரும்பவேயில்லை. "நீங்க சத்தம் போட்டே மெஷினைக் கெடுத்துட்டு, பழியை என் தலையில போடாதீங்க."

"அப்போ யாரு தள்ளினது?"

"உங்க மேனேஜர் வந்திருப்பாரு, போய்ப் பாருங்க."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவன் ஒரு முடிவுக்கு வந்தான். மேசை முழுவதும் மூடுகிற பெரிய தகட்டைப் பூட்டி, மேலோட்டமாக, நெருக்கி நெருக்கிக் கோடு போட மெஷினை விட்டான். எங்கெங்கே விலகுகிறது என்று மொத்தமாகத் தெரிந்துவிட்டால் காரணம் பிடிபட்டுவிடும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரக் கூரைமேல் மழை, அதற்குக் கீழே மோட்டாரின் முனகல். கட்டர் போயும் வந்தும் உழுதது. கோடுகள் நடுவுக்கு வந்ததும் பிரிந்தன. ஆற்று நீர் பாறையைச் சுற்றுவதுபோல வளைந்து அப்பால் போய்ச் சேர்ந்தன.

முடிந்ததும் துணியால் துடைத்தான்.

கட்டர் தொடாத இடம் பளபளவென்று மிஞ்சியிருந்தது. மடக்கிவைத்த இரண்டு முழங்கைகள். அவற்றின்மேல் ஒருபக்கமாகச் சாய்த்த ஒரு தலை. மேசைமேல் கவிழ்ந்து அசந்து தூங்குகிற ஆளை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படியே.

மச்சானுக்குப் போன் போட்டான்.

"அந்த மேசை எங்க கிடைச்சுது மச்சான்?"

"அந்த மூடின பட்டறையிலதான் மாப்ள. ஏன், நெளிஞ்சிருக்கா?"

"மேல ஏதாச்சும் இருந்துச்சா?"

"மேல என்ன இருக்கும்? மொட்டை மேசை." மச்சான் சிரித்தார். "ஆனா ஒண்ணு, தூக்கறப்ப ஒரு பக்கம் மட்டும் செம கனம். எங்க ஆளுங்க என்னமா திட்டினானுங்க! லாரியில ஏத்தறவரைக்கும் 'மேல யாரோ உக்காந்திருக்காங்க'ன்னு ஒரே கேலி."

போனை வைத்தான். பயப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் பயத்துக்கு முன்னால் எரிச்சல் வந்து நின்றது. தலைகீழாக நின்று கட்டியாகிவிட்டது. வேலையை விட்டாகிவிட்டது. மனைவியின் முதுகு தையல் மெஷினில் கூன் போடுகிறது. இவ்வளவுக்குப் பிறகு, இங்கே ஒன்று தூங்குகிறதாம், அதற்கு இவன் வழிவிட வேண்டுமாம்.

"எந்திரி" என்றான் மேசையைப் பார்த்து. "என் வேலை கெடுது. எந்திரிடா!"

வாங்கி மூலையில் போட்டிருந்த பெரிய மோட்டார்களை எடுத்துப் பூட்டினான். புதுத் தகட்டை இறுக்கினான். கட்டரை ஆழமாக இறக்கி, நடு மேசைக்கு நேராக விட்டான்.

அந்த இடம் வந்தது. மோட்டாரின் சுருதி இறங்கியது. பாலம் நடுங்கியது, ரெயில் முனகியது, கட்டர் ஒதுங்கப் பார்த்தது. மோட்டார் விடவில்லை. தள்ளியது. அலுமினியம் வெட்டுப்படும்போது வருகிற கிறீச்சிடல் நின்று, ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். மெத்தென்று. நீளமாக. மண்ணெண்ணெய் வாடையை அமுக்கிக்கொண்டு, முடி கருகும் வாடை.

பிறகு கட்டர் அந்தப் பக்கம் போயிருந்தது.

நகத்தால் தடவினான். நேர்கோடு. இன்னொன்று ஓட்டினான். நேர்கோடு. குறுக்கே ஓட்டினான். நூல் பிடித்தது மாதிரி நேர்கோடு. எங்கும் விலகல் இல்லை. மேசைமேல் ஒன்றுமே இல்லை.

"வந்துருச்சு!" என்று கத்தினான். கண் கலங்கிவிட்டது. "ஏய், சரியாயிருச்சு!"

அப்போது இரும்பு மேசை கிரீச்சிட்டது. கனமான ஒருவர் எழுந்துகொண்டால் நாற்காலி போடுகிற சத்தம். மேசைக் கால்களுக்கு அடியில் நசுங்கியிருந்த ரப்பர் கட்டைகள் மெல்ல உப்பின. கூரைமேல் மழை. சாத்தியிருந்த, வீட்டுக்குள் போகிற கதவு திறந்தது. அகலமாக. ஒரு ஆள் போகிற அகலத்துக்கு.

அவன் அசையவில்லை.

உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம்.

பிறகு மனைவியின் குரல், நெடுநாள் கழித்துக் கொஞ்சலாக. "சரியாயிருச்சுன்னா நல்லதுதானே. அதுக்கு இப்படியா ஓடி வருவீங்க? கை ஜில்லுனு இருக்கு."

அவன் ஓடினான். நடைவழி இருட்டாக இருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு ஓடினான். முன்னறை வாசலில், நிலையின் இரு பக்கமும் பிடித்து நின்றான்.

அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரும் இல்லை. இரண்டு தோளிலும் துணி அழுந்தியிருந்தது. ஒவ்வொரு விரலாக. குழிந்து.

"கையை எடுங்கன்னா" என்றாள். குரலில் கொஞ்சல் போய்விட்டிருந்தது. "என்னங்க, வலிக்குது."

தோள்கள் இறங்கின. கழுத்து வளைந்தது. நிமிரப் பார்த்தாள், முடியவில்லை. பெடலில் கால் விறைத்து அழுந்திக்கொண்டது. திரைச்சீலைமேல் ஊசி வேகம் பிடித்து ஏறி இறங்க, ஏறி இறங்க, யாரோ தூங்கச் செய்வதுபோல மெதுவாக, பொறுமையாக, அவள் தலை அதை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது.