டீ குடிக்கப் போகச் சொன்ன பாட்டு

சனிக்கிழமை காலை.

நன்னிலத்துக்குக் கிழக்கே, வடிகால் மதகில் துரைராசுவின் உடல் ஒதுங்கிக் கிடந்தது. இரவு முழுக்கப் பெய்த ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. பின்மண்டையில் ஒரே அடி. வயலில் தேங்கிய தண்ணீரை வெட்டிவிட அவர் எடுத்துப்போன மண்வெட்டியைக் காணவில்லை.

துரைராசு விவசாயி. ஊருக்கு வெளியே அவரைச் சினிமா விமர்சகராகத்தான் தெரியும். புதுப்படங்கள் வந்தால் கும்பகோணம் போய் வரிசையாகப் பார்ப்பார். திரும்பி வந்து வரப்பில் உட்கார்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். யூடியூபில் லட்சக்கணக்கான பேர் கேட்டார்கள். கேட்டார்கள் என்றா சொன்னேன்? அதற்குப் பிறகு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை தீபாவளிப் படங்கள் மூன்று வந்திருந்தன. பெரிய நடிகரின் ‘இடிவேலன்’, பேய்க் காமெடியான ‘வாடகைப் பேய்’, கீழ்வேளூர்ப் பையன் தமிழ்மாறன் எடுத்த முதல் படம் ‘மூணாம் மதகு’. அன்று மாலையே துரைராசுவின் தீர்ப்பு வந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அதில் அரை நிமிடத்தை மட்டும் நறுக்கி வாட்ஸ்அப்பில் விட்டான். “மூணாம் மதகு. கதை இல்லை. சொல்லிட்டேன்.”

அதைப் பார்த்த தமிழ்மாறன் பைக்கை எடுத்துக்கொண்டு நன்னிலம் வந்து, பஸ் ஸ்டாண்டில் துரைராசுவின் சட்டையைப் பிடித்தான். “இனிமே தீர்ப்புச் சொல்ல உனக்கு வாய் இருக்காதுய்யா!” என்று அவன் கத்தியதை ஊரே கேட்டது.

ஞாயிறு இரவு அவனைப் பிடித்து வந்தார்கள். திங்கள் மாலைக்குள் நீதிமன்றத்தில் நிறுத்தியாக வேண்டும். நிறுத்திவிட்டால் கொலைகாரன் என்ற பெயர் அவனை விட்டுப் போகாது. அவன் அம்மா அம்சவல்லி ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரோ வாங்கிக் கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

திங்கள் காலை.

இன்ஸ்பெக்டர் குந்தவைக்கு ஒன்று உறுத்தியது. சண்டைக்கு வருகிறவன் முன்னால் நின்று அடிப்பான். இது பின்னாலிருந்து விழுந்த அடி. அதுவும், காயத்தைப் பார்த்தால், காணாமல் போன அவருடைய மண்வெட்டியாலேயே. கூட நடந்து வந்த யாரோ, கொடுங்கள் நான் பிடிக்கிறேன் என்று வாங்கியிருக்க வேண்டும். தெரிந்தவனிடம்தான் கொடுப்பார்.

துரைராசுவின் அண்ணன் மகன் ராம்கியை அழைத்தாள். சிங்கப்பூரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. அந்த அரை நிமிட வீடியோவைப் போலீசிடம் முதலில் காட்டியவன் அவன்தான்.

“வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க இருந்தீங்க?”

“கும்பகோணத்துல மேடம். ‘இடிவேலன்’ ராத்திரி ஆட்டம்.” போனில் டிக்கெட்டைக் காட்டினான்.

“படம் எப்படி?”

“செம ஸ்பீடு. இன்டர்வெல் முடிஞ்சு உக்கார்றோம், நேரா கோர்ட் சீன். உடனே ரயில் சண்டை. மூச்சு விட நேரமில்ல.”

“சித்தப்பா வேற மாதிரி சொன்னாரா?”

“அவரு பேசுறதை யாரு மேடம் உக்காந்து பாக்குறது?”

அனுப்பிவிட்டாள்.

திங்கள் மதியம்.

துரைராசுவின் மனைவி ஈஸ்வரி வந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“அந்தப் புள்ளைய விட்டுடுங்கம்மா. அவரு பேசினதை முழுசாக் கேட்டீங்களா? ஒரு சின்னப் பையன் மனசு நோகுற மாதிரி அவரு பேசவே மாட்டாரு.”

குந்தவைக்குச் சுருக்கென்றது. அவள் பார்த்ததும் அந்த அரை நிமிடத்தைத்தான். கான்ஸ்டபிள் செம்மொழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழு வீடியோவையும் ஓடவிட்டாள். ‘இடிவேலன்’தான் முதலில் வந்தது.

“இடைவேளை விட்டு உக்காந்ததும் பாங்காக்ல ஒரு பாட்டு. அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கு. நீங்க நிதானமாப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

செம்மொழி நிமிர்ந்தாள். “நேத்து மேட்னி பிள்ளைங்களோட போயிருந்தேன் மேடம். அப்படி ஒரு பாட்டே வரலையே!”

குந்தவை வீடியோவை நிறுத்தினாள். கும்பகோணம் தியேட்டர் மேனேஜர் தௌபீக்குக்குப் போன் போட்டு இரண்டே கேள்வி கேட்டாள். மீதி வீடியோவையும் கடைசிவரை பார்த்தாள். பிறகு ராம்கியைக் கூட்டிவரச் சொன்னாள்.

“பாங்காக் பாட்டு எப்படி இருந்துச்சு ராம்கி?”

“எந்தப் பாட்டு?”

“இன்டர்வெல் முடிஞ்சதும் வருமே.”

“அப்படி ஒரு பாட்டே இல்லையே மேடம்.”

“வெள்ளிக்கிழமை பாத்தவங்க ஒருத்தரும் அதை மறக்கல. அந்தப் பாட்டுக்குப் பாதி தியேட்டர் எந்திரிச்சு வெளியில வந்துச்சாம், தௌபீக் சொல்றாரு. விமர்சனம் சொன்ன எல்லாரும் அதைத்தான் திட்டினாங்க. அதனால கம்பெனிக்காரங்க சனிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து பாட்டை வெட்டிட்டுத்தான் ஓட்டுறாங்க. நீங்க எனக்குச் சொன்னது வெட்டின படம். வெள்ளிக்கிழமை ராத்திரி எந்த ஊர்லயும் அது ஓடல.”

ராம்கி மறுபடியும் போனில் டிக்கெட்டைக் காட்டினான்.

“டிக்கெட் மட்டும் எடுத்தீங்க, போகல. போலீஸ் கதை கேட்டா சொல்லணுமேன்னு அப்புறமா போய்ப் பாத்திருக்கீங்க. எந்த ஊர்ல?”

“மயிலாடுதுறை,” என்றான். தலை தொங்கிவிட்டது. “குடும்பத்துப் பொது நிலத்தை மனை போட்டு விக்கக் கையெழுத்துக் கேட்டேன் மேடம். மண்ணை விக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். அன்னிக்கும் வயக்காட்டுல கேட்டுக்கிட்டேதான் போனேன். பேசிக்கிட்டே மண்வெட்டியக் குடுத்துட்டு முன்னாடி நடந்தாரு...”

“அவர் பேச்சை ஒரே ஒரு தடவை முழுசாக் கேட்டிருந்தா, இந்தப் பொய்யாவது ஒழுங்காச் சொல்லியிருப்பே,” என்றாள் குந்தவை. மரியாதை இப்போது விட்டுப்போயிருந்தது.

திங்கள் மாலை.

தமிழ்மாறனை வெளியே விட்டார்கள். அம்சவல்லி ஓடிவந்து அவன் கன்னத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள். குந்தவை அவனைக் கூப்பிட்டாள்.

“அந்த வீடியோவை முழுசாப் பாத்தீங்களா தம்பி?”

“இல்ல மேடம். அந்த அரை நிமிஷம்தான்.”

“நாங்களும் அவ்வளவுதான் பாத்தோம்.” போனை அவன் கையில் கொடுத்தாள்.

துரைராசு வரப்பில் உட்கார்ந்திருந்தார். பின்னால் கருத்துக்கொண்டு வந்தது வானம். “மூணாம் மதகு. கதை இல்லை. சொல்லிட்டேன். ஆனா மழைக்கு முன்னாடி வயல் இருண்டு கிடக்கிறதை இந்தப் பையன் எடுத்திருக்கான் பாருங்க. தினம் நான் நிக்கிற வயலுதான். இன்னிக்குத்தான் பாத்தேன். தம்பி, சோர்ந்து போயிடாத. அடுத்த படம் எடு. முதல் ஆட்டத்துக்கு வரிசையில முதல் ஆளா நான் நிப்பேன்.”

வீடியோ முடிந்த பிறகும் தமிழ்மாறன் போனைத் திருப்பித் தரவில்லை.

“சட்டையப் பிடிச்சேனே மேடம்,” என்றான். “அப்பக்கூட அவரு என்னமோ சொல்ல வந்தாரு. நான்தான் பேச விடல.”